மெக்சிக்கோவைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும்

வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு நாங்கள் குடிவந்த அன்றே, லிஃப்டுக்குள் வைத்து அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தொடுவதற்குள் பக்கத்தில் நிற்பவரின் ஊர், ஒழுங்கை, ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் அறிந்துகொள்வதில் அம்மா கெட்டிக்காரி. அன்று எங்களோடு நின்றவர் ஓர் உயரமான பெண்மணி. காதில் பென்சில் செருகியிருந்தார். கையில் மண் அப்பியிருந்தது.

"பிள்ளை எந்த ஊர்?"

"கொழும்பு."

"அது சரி. சொந்த ஊரைக் கேட்டனான்."

"சொந்த ஊர்தான் அக்கா. கொட்டாஞ்சேனைப் பக்கம், கொச்சிக்கடை."

"அப்பாவின்ர ஊர்?"

"அவரும் கொழும்பு."

"அப்பப்பா?"

"அவர் மாதம்பிட்டிச் சவக்காலையில இருக்கார். ஆறுதலா ஒரு நாள் போய்க் கேட்டுப் பாருங்க."

லிஃப்ட் நின்றது. அவர் சிரித்துக்கொண்டே நாலாம் மாடிக்குப் போனார். அம்மா வீட்டுக்குள் வந்து பெட்டியை வைத்துவிட்டு, "வாய்க்காரி" என்றார். அதற்குப் பிறகு பல வருடங்கள் அம்மா அவரை அந்தப் பெயரில்தான் சொன்னார். நான் அன்ரி என்றேன். அவர் என்னை மகள் என்றார், கொழும்பில் எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுவதைப்போல.

எங்கள் சனத்திடம் 'எந்த ஊர்' என்பது சாதாரண விசாரிப்பு அல்ல. ஊரைச் சொன்னால் பகுதி தெரியும், பகுதி தெரிந்தால் சாதி தெரியும், பிறகு பேச்சின் சூடும் குளிரும் அதற்கேற்ப மாறும். சண்டைக் காலத்தில் அதே கேள்வியை வீதித் தடையில் நின்றவர்களும் கேட்டார்கள், சிங்களத்தில். "கம கொஹெத?" அதற்குக் கொழும்பு என்று சொன்னால் அவர்களும் நம்புவதில்லை, எங்கள் ஆட்களும் நம்புவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் அப்படியொரு ஒற்றுமை.

அன்ரி ஒருநாளும் மனிதரிடம் ஊர் கேட்டதில்லை. செடிகளிடம் மட்டும் கேட்பார். கேட்பார் என்று நான் சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வாய்விட்டுக் கேட்பார். ஒரு வீட்டு வாசலில் புதிதாக ஒரு செடியைக் கண்டால் குனிந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, "நீங்க எங்க இருந்து வந்தீங்க?" என்பார். பிறகு பதிலையும் அவரே சொல்வார். குரோட்டன் மொலுக்குத் தீவுகளிலிருந்து. போகன்வில்லா பிரேசிலிலிருந்து. நித்தியகல்யாணி மடகஸ்காரிலிருந்து. அந்தூரியம் கொலம்பியாவிலிருந்து, "கொலம்பியாவில இருந்து கொழும்புக்கு, பேரைக்கூட பெருசா மாத்த வேண்டியிருக்கல்ல."

அவருடைய தொழில் தோட்டம் வரைவது. கறுவாத்தோட்டத்தில், பெரிய வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒரு கந்தோரில் வரைபட மேசையில் உட்கார்ந்து நாள்போக்கில் அந்த மேசைக்கே அதிகாரியானவர். அடக்கம் என்ற சாமான் அவரிடம் கிடையாது. பஸ்ஸில் போகும்போது மதில்களுக்கு மேலால் கையை நீட்டி, "இது என்ட. அதுவும் என்ட. அந்தப் புல்லுத்தரை மட்டும் என்டதில்ல, அது வீட்டுக்காரர்ட மடத்தனம்" என்று முழு பஸ்ஸுக்கும் கேட்கச் சொல்வார். இங்கிலாந்துக்காரன் தன் நாட்டு மழைக்குப் பழகிய புல்லுத்தரையை இங்கே கொண்டுவந்து விரித்ததை அவர் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. கறுவாத்தோட்டம் என்கிற அந்த இடமே ஒரு காலத்தில் ஒல்லாந்தரின் கறுவாக் காடு என்பார். "கறுவாதான் அசல் இந்த ஊர் ஆள். அந்த ஒரு ஆளைத் தேடித்தானே மத்த எல்லாரும் கப்பல் ஏறி வந்தாங்க. வந்தவங்க மடியில கட்டிக்கொண்டு வந்ததுதான் மிச்சத் தோட்டம்."

கொச்சிக்காயிலும் அவருக்கு ஒரு கதை இருந்தது. மிளகாய் அமெரிக்காவில் பிறந்தது. போர்த்துக்கேயர் கொண்டு வந்தது. கொச்சியால் வந்ததால் கொச்சிக்காய். "இறங்கின துறைமுகத்தைப் பிறந்த ஊர் எண்டு எழுதிட்டோம். துறைமுகத்துப் பக்கத்துல வளர்ந்தவ நான், எனக்குத் தெரியாதா இந்தப் பிழை எப்பிடி வாறதெண்டு?"

ஊரில் பாதிப் பேருக்குத் தோட்டம் வரைந்தவர் வளர்ந்த வீட்டில் ஒரு சாண் மண் இருக்கவில்லை. கொச்சிக்கடையில், களஞ்சியங்களுக்குப் பின்னால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. ஜன்னல் கம்பியில் பெயின்ற் வாளிகளைக் கட்டித் தொங்கவிட்டுச் செடி வளர்த்தாராம். அதனால்தான் வெள்ளவத்தையில் வீடு வாங்க வந்தபோது அவர் குளியலறையைப் பார்க்கவில்லை, தண்ணீர் வருகிறதா என்று கேட்கவில்லை. கட்டட வாசலில் நின்ற மரத்தைப் பார்த்தார். பழைய வீட்டை இடித்தவர்கள் அதைக் கடைசியாகத் தறிப்போம் என்று விட்டு வைத்திருந்தார்கள். "இந்த மரம் நிக்கும் எண்டா நான் வாங்குறேன், இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க" என்று கட்டியவரிடம் சொன்னாராம். வீடுகள் விலைப்படாமல் கிடந்த காலம். மரம் நின்றது.

அந்த மரம்தான் இந்தக் கதையின் மற்ற ஆள். சிங்களத்தில் அரலிய. பன்சலைகளில் புத்தருக்கு முன்னால் தட்டுத்தட்டாகக் குவிந்து கிடக்குமே, மஞ்சள் நெஞ்சுள்ள அந்த வெள்ளைப் பூ. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோயில் பூ என்றார் ஒருவர், சவக்காலைப் பூ என்றார் இன்னொருவர். அன்ரி ஒரு தகரத் துண்டில் பச்சைப் பெயின்றால் எழுதி மரத்தில் கட்டினார்:

ஈழத்தலரி. மெக்சிக்கோவைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்டது.

பத்திரிகையில் மரண அறிவித்தல் வாசிக்கிற எவருக்கும் இந்த வசனம் மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். எங்கள் சனத்தில் ஒருவர் இறந்தால் பெயருக்கு முதலே வருவது இந்த வரிதான். அதைக் கொண்டுவந்து பூத்துக் குலுங்குகிற மரத்தில் கட்டினால்? அம்மா காலையில் மரக்கறி வாங்கப் போனவர் வெறும் பையோடு திரும்பி வந்தார்.

"உயிரோட நிக்கிற மரத்துக்கு உந்த வாய்க்காரி மரண அறிவித்தல் போட்டிருக்கிறாள். வந்து பார்."

நான் போய்ப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அன்ரி கீழே மண் கிளறிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, இது செத்த ஆட்களுக்கு எழுதிறது எல்லோ?"

"அதில எங்க மகள் சாவு இருக்கு? பிறந்த இடம் இருக்கு, வாழுற இடம் இருக்கு. இவ்வளவு நல்ல வசனத்தை ஆள் செத்தாப் பிறகு ஏன் எழுதுறீங்க? உயிரோட இருக்கக்குள்ள எழுதுங்க."

மெக்சிக்கோ மரத்துக்கு ஈழத்துப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலிருந்தது முகம். இது எங்கோ மெக்சிக்கோவில் பிறந்து, யாரோ கப்பல்காரர் கைமாறி இங்கே வந்தது. ஒரு கொப்பை முறித்து நட்டாலே பிடித்துவிடும், அதனால் எங்கும் போகும். இந்தியாவில் இருந்த தமிழ்ச் சனம் இதைப் பார்த்து, இது இலங்கையிலிருந்து வந்த அலரி என்று நினைத்து ஈழத்தலரி என்று பெயர் வைத்துவிட்டது. இதுதான் அவருடைய விளக்கம்.

"பாத்தீங்களா? வேற ஆக்கள் பாத்து, இது இந்த ஊர் மரம் எண்டு பேர் வச்சிட்டாங்க. நாங்கதான் இன்னும் அதுட சொந்த ஊரைக் கேட்டுக்கொண்டு இருக்கோம்."

அந்தப் பெயர் அவரை ஒருமுறை நன்றாக மாட்டிவிட்டது. சண்டைக் காலத்தில் ஒரு காலை, ஆமி வந்து வீடு வீடாகச் சோதனை. எல்லாரையும் கீழே வரச் சொல்லி, அடையாள அட்டையோடு வரிசையில் நிறுத்தினார்கள். வந்தவர்களில் கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் தகரத்துக்குக் கிட்டப் போய் எழுத்துக்கூட்டினார். "ஈ... ழ..." அதற்கு மேல் அவர் வாசிக்கவில்லை. அந்த இரண்டு எழுத்தைச் சுவரில் எழுதியவன் வீடு திரும்பாத காலம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

பெரியவராக வந்த அதிகாரி, இதை யார் எழுதியது என்று கேட்டார். அன்ரி வரிசையை விட்டு முன்னால் போனார். காதில் அப்போதும் பென்சில்.

"நான்தான் சேர். இது அரலிய கஹே நம, தெமளென்" என்றார். அரலிய மரத்தின் பெயர், தமிழில்.

அதிகாரி அவருடைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம கொஹெத?"

"கொளம்ப."

"நே, நே. கம?"

அன்ரி மரத்தைக் காட்டினார். அவருடைய சிங்களம் துறைமுகத்துச் சிங்களம், தடங்கல் இல்லாமல் ஓடும். சேர், எனக்குக் கொழும்பைத் தவிர வேறு ஊர் இல்லை, வேறு ஊர் உள்ளது இந்த மரத்துக்குத்தான், அது மெக்சிக்கோ, அதைத்தான் இந்தத் தகரத்தில் எழுதியிருக்கிறேன், உங்கள் அம்மா பௌர்ணமிப் போயாவுக்குப் பன்சலைக்குக் கொண்டுபோகிற பூவும் இதுதானே என்றார். அதிகாரி மரத்தை மேலும் கீழும் பார்த்தார். தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டு மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னார். அவர் தட்டுத்தடுமாறி மெக்சிக்கோ என்று வாசித்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் போகும்போது, அந்த முதல் இரண்டு எழுத்தையும் மறைத்துவிடு என்று சொல்லிவிட்டே போனார்.

அன்ரி அந்த இடத்திலேயே மரத்திலிருந்து ஓர் இலையை ஒடித்தார். ஒடித்த காம்பிலிருந்து வடிந்த பாலைத் தகரத்தில் தேய்த்து, அந்த இலையையே 'ஈழ'வின் மேல் ஒட்டினார். கொஞ்ச நாளில் இலை காய்ந்து கழன்று விழுந்தது. "நான் எடுக்கல்ல. அதுவா விழுந்திச்சு" என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த பெருமையை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மரத்தடியில் கிடந்த அந்த இலையை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன், அது தூளாகும் வரைக்கும் வைத்திருந்தேன்.

சண்டை முடிந்தது. வெள்ளவத்தையில் வீட்டு விலைகள் ஏறின, கூடவே எங்கள் கட்டடத் தலைவரின் ஆசைகளும் ஏறின. தலைவர் ஐந்தாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர், கரவெட்டிக்காரர், கெட்ட மனிதர் அல்ல. லண்டனிலிருந்து வீடு வாங்க வந்த ஒரு குடும்பம் வாசலில் தகரத்தை வாசித்துவிட்டு லிஃப்டிலும் ஏறாமல் திரும்பிப் போனதிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. வாசலைப் புதுப்பிக்க ஒரு படம் வரையச் செய்தார். மரம் இருக்கிற இடத்தில் கல் பாவுவது, இரண்டு பக்கமும் சாடியில் பாம் மரம் வைப்பது. ஒரு போயா நாளில் எல்லாரையும் கீழே வாகனம் விடுகிற இடத்துக்குக் கூப்பிட்டார். அன்றே முடிவு, மறுநாளே தறிக்க ஆள்.

"இது கோயிலிலயும் சவக்காலையிலயும் நிக்க வேண்டிய மரம். வீட்டு வாசலில நிக்கக்கூடாது. அதில மரண அறிவித்தல் வேற தொங்குது. எங்கட நாட்டு மரமும் இல்லை எண்டு அவவே எழுதிக் கட்டியிருக்கிறா. பிறகு என்னத்துக்கு அழவேணும்?"

பலர் தலையாட்டினார்கள். அன்ரி படத்தை வாங்கிப் பார்த்தார். தொழில்காரி அல்லவா, முதலில் கோடுகளைத்தான் பார்த்தார். "கோடு சுத்தம். ஆனா இந்த பாம் மடகஸ்கார். அந்த ஆளுக்கும் ஒரு போர்ட் எழுதணும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறியிருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். அந்த மரம் போனால் அவர் நாலாம் மாடியில் இருந்து என்ன செய்வார் என்று எனக்குக் கவலையாயிற்று.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு கேள்வி பிடிக்காது. யாரிட்டயும் கேட்டதில்ல. இண்டைக்கு மட்டும் கேக்கிறேன், கோவிக்க வேணாம்" என்றார். தலைவரைப் பார்த்தார். "நீங்க எந்த ஊர் சேர்?"

"கரவெட்டி." தலைவர் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார்.

"ஹாஜியார்?"

இரண்டாம் மாடி ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். "நாங்க பேருவளை. வாப்பாட வாப்பா காலத்துல இருந்து."

"அக்கா?"

அம்மாவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் பழக்கம். "வட்டுக்கோட்டை" என்றார், கொஞ்சம் தடுமாறி.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார். ஹட்டன், மட்டக்களப்பு, நயினாதீவு, மன்னார். எல்லாரும் நல்ல சத்தமாகத்தான் சொன்னார்கள். முடிந்ததும் அன்ரி சுற்றிப் பார்த்தார்.

"அப்ப இங்க யாரு கொழும்பு?"

அன்ரி படத்தைத் தலைவரின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நானும் இந்த மரமும் மட்டும்தான். நீங்க எல்லாரும் வேற ஊர் ஆக்கள். நாளைக்கு யாரும் வந்து, நீங்க இந்த ஊர் இல்ல, போங்க எண்டா நான்தான் முன்னுக்கு நிண்டு இல்ல எண்டு சொல்லணும். சொல்லுவேன். ஆனா இந்த மரத்தைத் தறிச்சாப் பிறகு எந்த முகத்தோட சொல்ல?"

அவருடைய குரல் அந்த இடத்தில் உடைந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அதைக் கேட்டதில்லை. தலைவர் படத்தைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். ஹாஜியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்ட புள்ளைங்க கொழும்புதான். அந்த மரத்தடியிலதான் சைக்கிள் ஓடப் பழகின. நிக்கட்டும்."

"நிக்கட்டும்" என்று எனக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். திரும்பினேன். அம்மா! "பூசைக்கு நான் பிறகு எங்க போய்ப் பூ எடுக்கிறது?" விடியற்காலையில் யாரும் காணாமல் அந்தப் பூவைப் பொறுக்கிக்கொண்டு வந்து சாமி அறையில் வைப்பவர் தான் என்பதை அம்மா இப்படிப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அன்ரி சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள், தலைவரும்தான். மரம் நின்றது. தகரமும் நின்றது. தலைவரின் ஒரே நிபந்தனை, லண்டன் சனம் வருகிற நாளில் அதன் மேல் ஒரு துவாயைக் காயப்போடலாம் என்பது. தன்னுடைய துவாயையே அன்ரி கொடுத்தார்.

அன்ரி போய்ச் சில வருடங்களாகின்றன. நோய் என்று படுத்தது கொஞ்சக் காலம்தான். வத்தளையிலிருந்து தம்பி மகன் வந்தான். நல்ல பிள்ளை, ஆனால் படித்ததெல்லாம் ஆங்கிலம், தமிழ் எழுத வராது. பத்திரிகைக்கு நான் அறிவித்துத் தர முடியுமா என்று கேட்டான்.

"அக்கா, ஒரிஜினலா எங்க ஆக்கள் தூத்துக்குடிப் பக்கத்தால வந்தவங்க எண்டு டடா சொல்லுவார். அதைத்தானே பிறப்பிடம் எண்டு போடணும்?"

எனக்கு வந்ததே கோபம். அந்த வீட்டில், அந்த நேரத்தில் சத்தம் போடக்கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு டெலிபோனை எடுத்தேன். மறுமுனையில் பத்திரிகைக்காரர் வழக்கமான கேள்விகளைக் கேட்டு வந்தார்.

"பிறப்பிடம்?"

"கொழும்பு."

"வதிவிடம்?"

"கொழும்பு."

"ரெண்டும் ஒண்டா இருக்குது தங்கச்சி. பிறப்பிடத்துக்குச் சொந்த ஊரைச் சொல்லுங்கோ."

"அதுதான் சொந்த ஊர். ஒரு எழுத்தும் மாத்தாமல் அப்பிடியே போடுங்கோ."

மறுநாள் அவர் வளர்ந்த கொச்சிக்கடை வீட்டில் செத்தவீடு. எங்கள் கட்டடமே போனது. அம்மா ஒரு பை நிறைய ஈழத்தலரிப் பூ கொண்டுவந்து, அன்ரியின் கால்மாட்டில் கொட்டிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த சொந்தக்கார மனுஷி அம்மாவிடம் மெல்லச் சாய்ந்தார்.

"அக்கா எந்த ஊர்?"

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார்.

"கொழும்பு. வெள்ளவத்தை."

"இல்ல அக்கா, சொந்த ஊரைக் கேட்டேன்."

"சொந்த ஊர்தான் பிள்ளை சொன்னனான்."